சோற்றுப் பீங்கானிலும் கிணற்றடியிலும்: சிறு பிள்ளைகளுக்கு வீட்டில் தொழில்வழிச் சிகிச்சை

"பிள்ளைக்கு வீட்டில் பயிற்சி கொடுங்கள்" என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். என்ன பயிற்சி, எந்த நேரத்தில், எதை வைத்து என்ற கேள்விகள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எழும். இலங்கையின் கிழக்குக் கரையில் வாகரையிலிருந்தோ பொத்துவிலிருந்தோ பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்துபோகும் குடும்பத்துக்குச் சிகிச்சையாளரோடு கிடைக்கும் நேரம் மிகக் கொஞ்சம். அடுத்த தவணை வரும்வரை பிள்ளை சாப்பிடுவதும் குளிப்பதும் உடுப்பதும் விளையாடுவதும் உங்களோடுதான். அந்த வேலைகளைத் தானே செய்யப் பிள்ளையைப் பழக்குவதே தொழில்வழிச் சிகிச்சையின் நோக்கம். ஆகவே அதன் பெரும்பகுதி நடக்கவேண்டிய இடம் உங்கள் குசினியும் கிணற்றடியும் முற்றமுமே. இதற்கென்று விலை கொடுத்து எந்த விளையாட்டுச் சாமானும் வாங்கத் தேவையில்லை.

ஒன்றரை வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளின் வீட்டாரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மூளை வாதம், டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம் என்று மருத்துவர் ஒரு பெயர் சொல்லியிருக்கலாம். எந்தப் பெயரும் சொல்லாமல் "கொஞ்சம் பிந்தி வளர்கிறது" என்று மட்டும் சொல்லியிருக்கலாம். கீழே வரும் முறைகள் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பொருந்தும். உங்கள் பிள்ளைக்கென்று சிகிச்சையாளர் தனியாகச் சொன்ன பயிற்சி ஏதும் இருந்தால் அதற்கே முதலிடம்.

முதல் கிழமை எதையும் பழக்க வேண்டாம்

பார்க்க மட்டும் செய்யுங்கள். ஒரு கொப்பியை எடுத்து, காலை எழுந்ததிலிருந்து இரவு நித்திரைக்குப் போகும்வரை பிள்ளைக்காக நீங்கள் செய்யும் வேலைகளை எழுதுங்கள். பல் துலக்குவது, முகம் கழுவுவது, காற்சட்டை போடுவது, ஊட்டுவது, செருப்பு மாட்டுவது என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் எதிரே பிள்ளை அதில் எவ்வளவு செய்கிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று ஒரு வரி. "சட்டைக்குள் தலையை விடுகிறான், கையைத் தேடத் தெரியவில்லை" என்பது பயன்படும் வரி. "சட்டை போடத் தெரியாது" என்பதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது.

கிழமை முடிவில் அந்தப் பட்டியலிலிருந்து ஒரே ஒரு வேலையைத் தெரிவு செய்யுங்கள். பிள்ளை முக்கால்வாசி செய்துவிட்டுக் கடைசியில் தடுமாறும் வேலை எதுவோ அதுவே நல்ல தொடக்கம். கஷ்டமானதை முதலில் முடித்துவிடுவோம் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஒரு வெற்றி. உங்களுக்கும் அப்படித்தான்.

வயதுக்கணக்கு தெரிந்திருந்தால் எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை வயதளவில் பிள்ளைகள் மூடியில்லாத கோப்பையில் சிந்திச் சிந்திக் குடிக்கும், கரண்டியைப் பிடித்துப் பார்க்கும். இரண்டு வயதில் கரண்டியால் உண்ணும். இரண்டரை வயதில் தளர்வான உடுப்பைத் தானே கழற்றும், மூன்று வயதில் சிலவற்றைப் போடும். பொத்தானைக் கழற்ற நான்கு வயதாகும், பூட்ட ஐந்து. கழற்றுவது எப்போதும் போடுவதற்கு முந்தி வரும் என்பதால் பழக்கும்போதும் கழற்றுவதிலேயே தொடங்குங்கள். உங்கள் பிள்ளைக்கு வயது நான்கானாலும் கைப்பழக்கம் இரண்டு வயதுக்குரியதாக இருந்தால், இரண்டு வயதுக்கு அடுத்த படியே உங்கள் இலக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஐந்து வயதில் என்ன செய்கிறது என்பதை இந்தக் கொப்பியில் எழுத வேண்டாம்.

கால் ஊன்றினால்தான் கை வேலை செய்யும்

சிகிச்சையாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் விடயம் இது. வீடுகளில் அதிகம் கவனிக்கப்படாததும் இதுதான். பெரியவர்களின் பிளாஸ்டிக் கதிரையில் சின்னப் பிள்ளையை இருத்தினால் கால் அந்தரத்தில் தொங்கும். உடல் சரியாமல் பிடித்துக்கொள்வதிலேயே அதன் முழுப் பலமும் போய்விடும். கரண்டி பிடிக்கவும் பென்சில் பிடிக்கவும் பலம் மிஞ்சாது. இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் மடிந்து, உள்ளங்கால் எதிலாவது பதிந்திருக்க வேண்டும். இரண்டு செங்கல்லைத் துணியில் சுற்றிக் காலடியில் வையுங்கள். வெறுமையான பால்மா டின்களுக்குள் மணல் நிரப்பி, நான்கைச் சேர்த்து இறுக்கிக் கட்டினாலும் நல்ல கால்கட்டை கிடைக்கும். முதுகுக்கும் கதிரைக்கும் இடையே வெளி இருந்தால் சாரம் ஒன்றை மடித்து அடையுங்கள்.

நிலத்தில் பாயில் இருந்து சாப்பிடும் வீடு என்றால் சுவரோடு சாய்த்து இருத்தி, பீங்கானைத் தரையில் வைக்காமல் சின்னப் பலகை மேல் உயர்த்தி வையுங்கள். தானாக இருக்க முடியாத பிள்ளையை உங்கள் மடியில், அதன் முதுகு உங்கள் நெஞ்சில் படும்படி இருத்தலாம். எந்தப் பிள்ளைக்கும் படுக்க வைத்து ஊட்டக் கூடாது. தலை பின்னால் சரிந்தபடி விழுங்கினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும். தலை நிமிர்ந்து, நாடி சற்றே கீழ் நோக்கியிருப்பது பாதுகாப்பு.

சாப்பாடு

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நாளுக்கு மூன்று தரம் தவறாமல் வரும் பயிற்சி இதைப் போல வேறொன்று இல்லை.

நம் பக்கத்தில் கல்யாணம் முடித்த பெண்ணின் குடும்பம் பெரும்பாலும் தாய் வீட்டிலோ தாய் வீட்டு வளவுக்குள்ளோ இருக்கும். அதனால் பிள்ளைக்கு ஊட்டும் கை அம்மம்மாவுடையது. முஸ்லிம் வீடுகளில் உம்மம்மாவுடையது. அந்தக் கை இல்லாமல் இங்கு பல பிள்ளைகள் வளர்ந்திருக்க முடியாது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளை முழுமையாக வளர்த்தெடுப்பவர்களும் அவர்களே. ஆனால் கிளினிக்குக்குப் போய் வந்த பிள்ளைக்கு ஊட்டல் நான்கு, ஐந்து வயது வரை நீண்டுவிடுகிறது. "பாவம், அதுக்கு ஏலாது" என்று ஊட்டுகிறோம். ஊட்ட ஊட்டக் கை பழகாமலே போகிறது.

கையால் சோறு சாப்பிடுவது எளிதாகத் தோன்றினாலும் அதற்குள் நாலைந்து வேலைகள் இருக்கின்றன. விரல்கள் கூடிச் சோற்றைப் பிசைய வேண்டும். உருட்டிய கவளம் விரல் நுனிகளின் மேல் நிற்க வேண்டும். மணிக்கட்டு திரும்பிக் கையை வாய்க்கு உயர்த்த வேண்டும். கடைசியில் பெருவிரல் பின்னாலிருந்து கவளத்தை உள்ளே தள்ள வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறுவது அந்தப் பெருவிரல் தள்ளலில்தான். முழுக் கையையும் வாய்க்குள் திணிப்பதும், பாதிச் சோறு மடியில் விழுவதும் அதனால்தான்.

எந்த உணவில் தொடங்குவது என்பது முக்கியம். தூய வெள்ளைச் சோறும் குழம்பும் உதிரும். இடியப்பமும் சொதியும் வழுக்கும். பிட்டோடு வாழைப்பழம் பிசைந்தால் விரலில் ஒட்டும், உருண்டையாக நிற்கும், பிள்ளைக்குப் பிடிக்கவும் செய்யும். சட்டித் தயிர் விட்டுக் குழைத்த சோறும் அப்படியே. முதல் கிழமைகளுக்கு இவை போதும். பிறகு பருப்புச் சோறு, அதற்குப் பிறகு மீன் குழம்புச் சோறு. முள் எடுக்கும் வேலை மட்டும் நீண்ட காலத்துக்கு உங்களுடையதாகவே இருக்கட்டும்.

ஏறாவூர்ப் பற்றில் ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். நான்கு வயதுப் பையன், கையில் சக்தி குறைவு. அம்மம்மா அவன் பின்னால் பாயில் இருந்துகொண்டார். பிட்டையும் பழத்தையும் தானே பிசைந்து, புளியங்காய் அளவில் நீள உருண்டைகளாகப் பிடித்துப் பீங்கான் ஓரத்தில் வரிசையாக வைத்தார். பையன் ஒன்றை எடுத்தான். அவன் முழங்கையை மட்டும் அவர் கீழிருந்து தாங்கினார். கை வாயருகே போனதும் நின்றது. "தள்ளு மகன்" என்றார். அவன் திரும்பி அவரைப் பார்த்தான். அவர் மறுபடி சொல்லவில்லை, கையையும் நீட்டவில்லை. சற்று நேரம் கழித்துப் பெருவிரல் அசைந்தது. பாதி உள்ளே போனது, பாதி சாரத்தில் விழுந்தது. "ஆ, போனதே!" என்று அவர் சிரித்த சிரிப்பில் பையன் அடுத்ததை எடுத்தான். நான்கு உருண்டைகள் அவன் கையால். மிச்சத்தை அவர் ஊட்டினார்.

இதில் கற்கவேண்டியவை நிறைய இருக்கின்றன. அவர் பின்னால் இருந்தார். எதிரே இருந்து கையைப் பிடித்தால் பிள்ளையின் கை போகவேண்டிய திசை மாறிவிடும். பிசையும் பகுதியைத் தான் எடுத்துக்கொண்டு கடைசிப் பகுதியை மட்டும் பிள்ளைக்கு விட்டார். சொன்னதை ஒரு தரம் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். மனதுக்குள் பத்து எண்ணும் அளவுக்காவது காத்திருக்க வேண்டும். நரம்பு வளர்ச்சியில் தாமதம் உள்ள பிள்ளைக்குச் சொல் காதில் விழுந்து கை அசைய அவ்வளவு நேரம் தேவைப்படலாம். பிள்ளை களைக்கும் முன் நிறுத்தி ஊட்டவும் செய்தார். முழுச் சாப்பாட்டையும் பயிற்சியாக்கினால் வயிறும் நிறையாது, பீங்கானைக் கண்டாலே அழுகை வரும். பசி உள்ள முதல் ஐந்து நிமிடமே பயிற்சி நேரம்.

உதவியைக் குறைக்கும் முறையும் இதுவே. முதலில் பிள்ளையின் கை மேல் உங்கள் கை. சில நாளில் மணிக்கட்டில் மட்டும். பிறகு முழங்கையில். பிறகு தொடாமல், பீங்கானைச் சுட்டிக் காட்டுவது. கடைசியில் பக்கத்தில் சும்மா இருப்பது. ஒரு படியில் சரிவந்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். காய்ச்சல் வந்து எழும்பிய பிள்ளை ஒரு படி பின்னால் போனால் நீங்களும் கூடவே போங்கள்.

கரண்டி வழுக்குகிறது என்றால் பழைய சைக்கிள் டியூபில் விரல் அகலப் பட்டி வெட்டி, நன்றாகக் கழுவி, கைப்பிடியில் நெருக்கமாகச் சுற்றுங்கள். தடித்த, வழுக்காத பிடி கிடைக்கும். இதையே பல் துலக்கும் பிரஷிலும் பென்சிலிலும் செய்யலாம். பீங்கானுக்கடியில் ஈரத் துணியை விரித்தால் அது நகராது.

மூச்சடைப்புக்குப் பயந்தே பலர் தொடர்ந்து ஊட்டுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. முழுக் கச்சானை ஐந்து வயதுக்குக் குறைந்த எந்தப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டாம். முழுத் திராட்சை, கடலை, டொபி போன்றவையும் ஆபத்து. பழத்தை நீளவாக்கில் வெட்டுங்கள். சாப்பிடும்போது பிள்ளையின் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். பிள்ளை பலமாக இருமுகிறது என்றால் இரும விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். இருமவோ அழவோ முடியாமல் நிறம் மாறினால், பிள்ளையை முன்னால் குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கிடையே முதுகில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் பலமாகத் தட்டுங்கள். அதே நேரம் ஒருவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கட்டும். இந்த முதலுதவியை முன்கூட்டியே சுகாதார ஊழியர் ஒருவரிடம் செய்து காட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாப்பாட்டின் போதும் இருமல், ஈரமான கரகரத்த குரல், அடிக்கடி நெஞ்சுச் சளி இருந்தால் கையுணவுப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடுப்பு: கடைசிப் படியிலிருந்து

காற்சட்டை போடுவதைக் கடைசியிலிருந்து பழக்க வேண்டும். இரு கால்களையும் விட்டு, இடுப்புக்குக் கீழ்வரை நீங்களே இழுத்துவிடுங்கள். கடைசி இழுப்பு மட்டும் பிள்ளையுடையது. அது பழகியதும் தொடைவரை நீங்கள், அங்கிருந்து பிள்ளை. பிறகு முழங்கால்வரை. கடைசியில்தான் கால் விடும் வேலை பிள்ளைக்கு வரும். இப்படிச் செய்தால் ஒவ்வொரு நாளும் பிள்ளை வேலையை முடித்த இடத்தில் நிற்கும். முதலிலிருந்து பழக்கினால் பாதியில் தோற்று, நீங்கள் பிடுங்கிப் போட்டுவிடுவதில் முடியும்.

நின்றபடி ஒற்றைக் காலைத் தூக்கக் கஷ்டப்படும் பிள்ளையை வாசற்படியில் இருத்திப் போட வையுங்கள். இலாஸ்டிக் உள்ள, கொஞ்சம் பெரிய காற்சட்டையே நல்லது. பழைய இலாஸ்டிக்கைப் பெரிய வளையமாகத் தைத்து, கால் வழியாக உள்ளே போய்த் தலை வழியாக வெளியே வரும் விளையாட்டாக்கினால் அதே அசைவு சிரிப்போடு பழகும். மூத்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டால் அரை மணி நேரம் ஓடும்.

பொத்தானுக்கு அப்பாவின் பழைய சட்டை. முன்பள்ளிச் சட்டையின் குட்டிப் பொத்தான்களில் பழக்குவது பிள்ளைக்கும் உங்களுக்கும் தண்டனை. பெரிய பொத்தான் வைத்துத் தைத்து, ஓட்டையையும் சற்றுப் பெரிதாக்கி, பிள்ளை அதை உடுத்துக்கொண்டே பூட்டிக் கழற்றட்டும். மேசையில் விரித்து வைத்துப் பழகினால் உடலில் போட்டதும் எல்லாம் தலைகீழாகத் தெரியும். இங்கும் கடைசிப் படியே முதலில்: பாதி பூட்டிய பொத்தானை இழுத்து எடுப்பது.

விரல் இடுக்கில் மாட்டும் செருப்பு சிறு பிள்ளைகளுக்குக் கஷ்டம். குதியில் பட்டி உள்ளதை வாங்குங்கள். இரண்டு செருப்பின் உட்புற ஓரத்திலும் பக்கம் பக்கமாகப் புள்ளி வையுங்கள். புள்ளிகள் ஒன்றையொன்று பார்த்தால் இடது வலது சரி.

இவை எதையும் முன்பள்ளிக்குப் போகும் அவசரத்தில் பழக்காதீர்கள். பின்னேரம் குளித்துவிட்டு உடுக்கும் நேரமே பொருத்தம். காலையில் நீங்கள் உடுத்திவிடுவதில் எந்தக் குற்றமும் இல்லை.

கிணற்றடியும் மலசலகூடமும்

வாளியில் அரைவாசித் தண்ணீர், சின்னப் பேணி. பிள்ளை மொண்டு தன் தோளில் ஊற்றட்டும். சவர்க்காரம் வழுக்கினால் பழைய காலுறைக்குள் போட்டு முடிந்து கொடுங்கள். அதுவே தேய்க்கும் துணியுமாகும். துவாயை முறுக்கிப் பிழிவது கைக்கு நல்ல பலம் தரும் வேலை. கிணற்றுக்கு மூடியோ உயர்ந்த கட்டோ இல்லாத வீட்டில் பிள்ளையைக் குளிக்க வைக்கும்போது கண் எடுக்கக் கூடாது. நிறைந்த வாளியில்கூடச் சிறு பிள்ளை மூழ்கிவிடும். வாவிக்கரையில் இருக்கும் குடும்பங்களுக்கு இதை இன்னொரு தரம் சொல்கிறேன்.

மலசலகூடப் பழக்கத்துக்கு, உடுப்பு ஓரிரண்டு மணி நேரம் நனையாமல் இருப்பதும், வரும்போது பிள்ளை ஏதோ ஒரு குறி காட்டுவதும் ஆயத்தத்தின் அடையாளம். எழும்பியவுடனும் சாப்பிட்ட பிறகும் கூட்டிப்போய்ச் சில நிமிடங்கள் இருத்துங்கள். குந்தி இருக்கும் கழிப்பறையின் குழியைப் பார்த்துப் பயப்படும் பிள்ளைகள் உண்டு. முதலில் சின்னப் பொட்டியில் (சிறு பிள்ளைகள் மலசலம் கழிக்க இருக்கும் சட்டியில்) இருத்தி, பொட்டியையே கழிப்பறைக்குள் கொண்டுபோய், அங்கே பழகிய பிறகு குந்த வையுங்கள். குந்தும்போது பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கட்டையோ தடித்த கயிறோ இருந்தால் விழுமோ என்ற பயம் போகும். நனைத்துவிட்டால் ஏசாமல் மாற்றிவிடுங்கள். அடித்துப் பழக்கிய பிள்ளை ஒளித்துப் போகத்தான் பழகும்.

கைக்கு வேலை, எழுத்துக்கு முன்

ஐந்து வயது பூர்த்தியாகித் தரம் ஒன்றுக்குப் போகும் நாள் நெருங்க நெருங்க, வீடுகளில் பென்சில் வந்துவிடுகிறது. மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து 'அ' எழுதச் சொல்வதை நான் முற்றாக எதிர்க்கிறேன். ஒரு வட்டத்தைப் பார்த்து வரையவே மூன்று வயதாகும், சிலுவைக் கோட்டுக்கு நான்கு, சதுரத்துக்கு ஐந்தை எட்ட வேண்டும். சுழியும் வளைவும் கோடும் கலந்த 'அ' அதற்கெல்லாம் பிந்தியது. கை ஆயத்தமானபின் 'ட', 'ப' என்று நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்குங்கள்.

அதற்கு முன் கைக்குச் செய்ய வேலை ஏராளம். ரொட்டிக்கு மாவு குழைக்கும்போது ஒரு உருண்டை பிள்ளைக்கு. உள்ளிப் பல் உரிப்பது, கீரை ஆய்வது, பயற்றங்காயை முறிப்பது. உடுப்புக் காயப்போடும் கிளிப்பை அழுத்திக் கொடியில் மாட்டுவது பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நேரான பயிற்சி. கொடியைப் பிள்ளையின் தோள் உயரத்துக்கு இறக்கிக் கட்டுங்கள். மீன்பிடிக் குடும்பங்களில் பழைய வலையிலிருந்து கழற்றிய மிதவைகள் கிடக்கும். பெரிய ஓட்டை, பிடிக்க இலேசு, கயிறு கோக்க அருமையான சாமான். கழுவிக் கொடுங்கள். மருதமுனைப் பக்கத்தில் கைத்தறி நூல் மீதம் இருக்கும். கடதாசி மட்டையில் ஓட்டை போட்டு, நூல் முனையில் மெழுகு தடவிக் கோக்க விடலாம். புளியங்கொட்டை, மஞ்சாடி போன்ற சின்ன விதைகள் வாய்க்கும் மூக்குக்கும் காதுக்கும் போகும். எதையும் வாயில் வைக்கும் பருவம் கடந்த பிள்ளைக்கு மட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். குன்றிமணி வேண்டவே வேண்டாம். அது நஞ்சு.

வெண்கட்டியையும் கிரேயோனையும் முறித்துச் சின்னத் துண்டாகக் கொடுத்தால் பிள்ளை தானாகவே விரல் நுனியால் பிடிக்கும். முழு நீளத்தில் கொடுத்தால் கைக்குள் பொத்தும். கதவிலோ மதிலிலோ, தோளுக்கு நேரே, நின்றபடி கிறுக்க விடுங்கள். தோளும் மணிக்கட்டும் அங்கேதான் பலப்படும். விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் விரல் பிடித்து ஏடு தொடக்குகிறோம் அல்லவா, அதை அந்த ஒரு நாளோடு விடாமல் கிழமைக்கு இரண்டு தரம் செய்யலாம். விரல் நுனிக்கு அரிசியின் சொரசொரப்பு தெரியும், பிழைத்தால் ஒரு தடவலில் அழிந்துவிடும். கடற்கரை மணலிலும் ஈர்க்குத் துண்டால் அப்படியே.

இடக்கைப் பிள்ளையை மாற்றாதீர்கள். எந்தக் கை என்பது நான்கு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் உறுதிப்படும். உண்பதற்கு வலக்கை என்பது நம் வீடுகளின் வழக்கம். பல இடக்கையர் வலக்கையால் உண்டு இடக்கையால் எழுதுகிறார்கள். அன்பாகக் காட்டினால் பழகும், முடியாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். எழுதும் கையில் மட்டும் யாரும் தலையிடக் கூடாது என்று முன்பள்ளி ஆசிரியையிடமும் சொல்லிவையுங்கள். ஆனால் ஒரு வயதாகும் முன்பே குழந்தை ஒரே கையை மட்டும் பயன்படுத்தி மற்றதைப் பொத்தி வைத்திருந்தால் அது கைப்பழக்கம் அல்ல. உடனே காட்டுங்கள்.

சத்தம் தாங்காத, ஓரிடத்தில் இராத பிள்ளை

கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கிக்கும் வெடிக்கும் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மணலில் கால் வைக்காத, கையில் சோறு ஒட்டினால் அழும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இதைச் செல்லம் என்றும் அடம் என்றும் சொல்லி ஏசுகிறோம். அந்தப் பிள்ளைக்கு அந்தச் சத்தமும் அந்த ஒட்டலும் உண்மையிலேயே தாங்க முடியாதவை. திருவிழாவுக்குக் கூட்டம் குறைந்த நேரத்தில், தூரத்தில் நின்று, கொஞ்ச நேரம் போய்வாருங்கள். மணலுக்கு முதலில் செருப்போடு, பிறகு பாயில் இருந்து விரல் நுனியால், பிறகு பாதம். ஒட்டும் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் ஈரத் துணி ஒன்று வைத்து, எப்போது வேண்டுமானாலும் துடைக்கலாம் என்று விடுங்கள். துடைக்கலாம் என்று தெரிந்த பிள்ளை தொட்டுப் பார்க்கத் துணியும்.

ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குப் பாரமான வேலை கொடுத்துப் பாருங்கள். பாதித் தண்ணீர் உள்ள சின்ன வாளியைத் தூக்கிப் பூமரத்துக்கு ஊற்றுவது, தேங்காய்களை ஒவ்வொன்றாகக் குசினிக்குக் கொண்டுவருவது, பாயைச் சுருட்டித் தள்ளுவது, அப்பாவோடு கயிறு இழுப்பது. தசையும் மூட்டும் பாரத்தை உணரும்போது பல பிள்ளைகள் அமைதியாவதைப் பார்க்கலாம். சாப்பாட்டுக்கோ படிப்புக்கோ இருத்தும் முன் பத்து நிமிடம் இப்படி வேலை கொடுப்பது என் வழமையான ஆலோசனை. சேலை ஊஞ்சலில் மெதுவாக, முன்னும் பின்னுமாக ஆட்டினால் அமைதி வரும்; சுழற்றினால் துடிப்பு கூடும். முகம் வெளிறினாலோ வியர்த்தாலோ நிறுத்துங்கள். வலிப்பு உள்ள பிள்ளைக்கு ஊஞ்சல் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளைக் குட்டிக்கரணம் போட விடாதீர்கள். அவர்களில் சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்வாக இருக்கும்.

மார்கழி மழையில் முற்றம் வெள்ளமானால் இவை எல்லாம் உள்ளே வர வேண்டும். தலையணைகளை வரிசையாக அடுக்கி ஏறி இறங்குவது, மேசைக்கடியில் தவழ்வது, சுவரைக் கையால் தள்ளுவது. மழைக் காலத்தில்தான் தொலைபேசி பிள்ளையின் கையில் அதிகம் போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி இரண்டு முதல் நான்கு வயது வரை திரை நேரம் நாளுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் திரையே கூடாது. சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசி காட்டினால் வாய் திறக்கும், கை அசையாது. பழக்க வந்தது கையை.

வீட்டில் எல்லாரும் ஒரே சொல்

நீங்கள் காத்திருக்கும் இடத்தில் சித்தி ஊட்டிவிட்டால் பிள்ளை சித்தியிடம் போகும். தெரிவு செய்த வேலையை, பிள்ளையின் பங்கு எது, பெரியவரின் பங்கு எது என்று ஒரு துண்டில் எழுதிக் குசினிக் கதவில் ஒட்டுங்கள். சொல்லும் சொல்லும் ஒன்றாகவே இருக்கட்டும்: "தள்ளு", "இழு", "ஊற்று". வெளிநாட்டில் இருக்கும் தாய்க்கோ தகப்பனுக்கோ பிள்ளை தானே செய்ததைக் காணொளியாக அனுப்புங்கள். அம்மம்மாவுக்கு மனம் கேட்காமல் இருந்தால் வாதாட வேண்டாம். அடுத்த தவணைக்கு அவரையே கூட்டிப்போங்கள். சிகிச்சையாளர் சொல்வதை நேரே கேட்டவர் வீட்டில் உங்களுக்குப் பெரிய துணையாவார்.

எப்போது, எங்கே போவது

இன்னும் யாரிடமும் காட்டாதவர்கள் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ தொடங்குங்கள். அங்கிருந்து பிள்ளை நல மருத்துவரிடம் அனுப்புவார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறை மாவட்டப் பொது வைத்தியசாலை, கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் உள்ள ஆதார வைத்தியசாலைகள் ஆகியவற்றில் உங்களுக்கு எது கிட்ட என்று கேளுங்கள். தொழில்வழிச் சிகிச்சைக் கிளினிக் எங்கே, எந்த நாளில் நடக்கிறது என்பதையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை.

ஒன்பது மாதத்தில் தானாக உட்கார்ந்திருக்காத, பதினெட்டு மாதத்தில் நடக்காத, எதையும் சுட்டிக் காட்டாத பிள்ளை. உடல் விறைத்த அல்லது துவண்ட பிள்ளை. பேசிய சொல்லையோ பழகிய வேலையையோ மறந்துபோன பிள்ளை. இவர்களை "அப்பாவும் பிந்தித்தான் நடந்தார்" என்று வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

போகும்போது அந்தக் கொப்பியைக் கொண்டுபோங்கள். பிள்ளை வீட்டில் சாப்பிடுவதையும் உடுப்பதையும் ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் தொலைபேசியில் பதிந்து கொண்டுபோங்கள். புது இடத்தில், புது ஆட்கள் முன்னால் பிள்ளை எதையும் செய்துகாட்டாமல் போகலாம். சைக்கிள் டியூப் சுற்றிய கரண்டியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதன் தடிப்பு சரியா என்று சிகிச்சையாளர் பிள்ளையின் கையில் வைத்தே பார்த்துச் சொல்வார். "அடுத்த தவணை வரைக்கும் எந்த ஒரு வேலையைப் பழக்கட்டும்?" என்று கேட்டு, பதிலை அவர் முன்னாலேயே கொப்பியில் எழுதுங்கள், அவர் செய்து காட்டியதை ஒரு தரம் நீங்களும் செய்து காட்டிவிட்டு எழும்புங்கள்.